சித்தியை உட்கார வைத்த பொருட்காட்சி

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் சித்திக்கு மவுசு கூடிவிடும். மற்ற மாதங்களில் அவளுடைய உயரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள்கூட அந்த ஒரு மாதம் அவள் முந்தானையை விட மாட்டார்கள். திருவிழாக் கூட்டத்தில் சாமி பார்க்க வேண்டுமென்றால் சித்தியின் தோளைவிட நல்ல இடம் மதுரையில் கிடையாது. நானும் மாமாவின் பிள்ளைகளும் அந்தத் தோளுக்காக அடித்துக்கொள்வோம். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அம்மா எல்லோருக்கும் சொல்லிவிடுவாள்.

"தொலஞ்சு போனா அழுகக் கூடாது. நின்ன எடத்துலயே நின்னு, சித்தி தலை எங்க தெரியுதுன்னு பாத்து வந்து சேருங்க."

அப்படித் தொலைந்து, தலையைப் பார்த்து வந்து சேர்ந்தவர்களில் அப்பாவும் உண்டு.

சித்தி அம்மாவின் கூடப் பிறந்த தங்கை. பிறந்த ஊர் பேரையூர். தாத்தா காலமான பிறகு எங்களோடு திருப்பரங்குன்றத்துக்கு வந்துவிட்டாள். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர்கள் நீட்டுகிற ரேஷன் கார்டையும் சாதிச் சான்றிதழையும் நகலெடுத்துக் கொடுப்பாள். கணீரென்ற குரல். சிரித்தால் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்ப்பார். எனக்குத் தெரிந்து அவளிடம் குறையென்று எதுவும் இல்லை. ஆனால் சித்திரை போய் வைகாசி வந்து முகூர்த்தங்கள் தொடங்கியதும், திருவிழாவில் எங்களுக்கு உதவிய அதே உயரம் வீட்டுக்குப் பாரமாகிவிடும்.

பெண் பார்க்க வருகிறவர்கள் கேசரியையும் பஜ்ஜியையும் குறையில்லாமல் சாப்பிடுவார்கள். காப்பியைக் குடிப்பார்கள். "பொண்ணு நல்ல லட்சணம், என்ன, கொஞ்சம் வளத்தி" என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். கடைசியாக வந்த மாப்பிள்ளையின் தகப்பனார் ஒரு படி மேலே போய், எங்கள் கூடத்திலேயே மகனையும் சித்தியையும் முதுகோடு முதுகாக நிற்க வைத்து, தலைக்கு மேல் உள்ளங்கையை வைத்து அளந்து பார்த்தார்.  அவர்கள் போனபின் சித்தி காப்பித் தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து சொன்னாள்.

"இனிமே எவன் முன்னாடியும் தட்டத் தூக்கிக்கிட்டு வந்து நிக்க மாட்டேங்க்கா. கழுத்த அறுத்தாலும் சரி."

அம்மாவுக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. தனக்கு இரண்டு வயது இளையவள், தன் கல்யாணத்தில் தோழியாக நின்றவள், இன்னும் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாளே என்ற கவலை அவளுக்கு. சித்தி பிடிவாதக்காரி என்பதும் தெரியும்.

வழி கண்டுபிடித்தவர் மாமா. அம்மாவுக்கும் சித்திக்கும் மூத்தவர். பேரையூரில் உரக்கடை வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்து பெண் பார்த்து வேண்டாமென்று சொன்னால் இரண்டு பக்கத்துக்கும் சங்கடம் என்பதால், கோயிலிலோ பொருட்காட்சியிலோ எதேச்சையாகச் சந்தித்துக்கொள்வதுபோல ஏற்பாடு செய்வார்கள். பிடித்திருந்தால் மேற்கொண்டு பேச்சு. பிடிக்கவில்லையென்றால் யாருக்கும் யாரையும் தெரியாது, அவரவர் டெல்லி அப்பளத்தைத் தின்றுவிட்டு அவரவர் பஸ்ஸைப் பிடிக்கலாம். மதுரையில் தமுக்கம் மைதானத்தில் அப்போது சித்திரைப் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தது. ஒத்தக்கடையில் ஒரு நல்ல இடம் இருப்பதாகவும், பையன் கூட்டுறவு வங்கியில் வேலை பார்ப்பதாகவும், சித்தியின் போட்டோவைக் காட்டியதில் அவர்களுக்குத் திருப்தி என்றும் மாமா சமையலறையில் வைத்து அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னார். மாமாவின் ரகசியம் தெருமுனைப் பால்காரர் வரைக்கும் கேட்கும்.

"வளத்தி எம்புட்டுன்னு கேட்டாகளாண்ணே?" என்று அம்மா கேட்டாள்.

"கேட்டாக. அஞ்சு நாலுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"அண்ணே!"

"பின்ன என்னத்தா செய்யச் சொல்ற? பாத்த ஒடனே வேணாங்கறவன், ஒக்காந்தபடி பாத்துப் பிடிச்சுப் போச்சுன்னா அப்புறம் வளத்தியப் பாக்க மாட்டான். மேஜிக் ஷோ நடக்கும், சேர்ல ஒக்கார வச்சிரு. அவுக வந்து பக்கத்து வரிசைல இருந்து பாத்துட்டு, ஷோ முடியறதுக்கு முன்னாடி கெளம்பிருவாக. நான் பேசிட்டேன்."

அஞ்சு நாலு என்று சொல்லிக் கட்டி வைத்தால், கல்யாணத்தன்று என்ன செய்வதாக இருந்தார்கள் என்று இன்றுவரை யாரும் எனக்கு விளக்கியதில்லை. மணவறையில் உட்கார்ந்துதானே தாலி கட்டுகிறார்கள் என்பது மாமாவின் கணக்காக இருந்திருக்கலாம்.

நான் அப்போது நாலாம் வகுப்பு முடித்திருந்தேன். இந்த ஏற்பாடெல்லாம் என் காதிலும் விழுந்தது, ஆனால் என் மனம் மேஜிக் ஷோ என்ற சொல்லோடு நின்றுவிட்டது. மனிதனை இரண்டாக அறுத்து ஒட்டவைக்கிறார்கள் என்று வகுப்பில் ஒருத்தி சொல்லியிருந்தாள். அதைப் பார்க்கப்போகிறோம் என்ற சந்தோஷத்தில் பையன் யார், இடம் எங்கே என்பதெல்லாம் எனக்கு எதற்கு?

கிளம்புகிற அன்று சித்தி கடையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டாள். யாரும் சொல்லாமலே கத்தரிப்பூ நிறச் சேலையை எடுத்துக் கட்டினாள். பூக்காரம்மாவைக் கூப்பிட்டு மல்லிகை வாங்கித் தலை நிறைய வைத்துக்கொண்டாள். தட்டைச் செருப்பைத்தான் போடவேண்டுமென்று அம்மா சொன்னதற்கும் மறுபேச்சில்லை. பிடிவாதக்காரி இவ்வளவு சுலபமாக வருகிறாளே என்று அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டாள்.

அதன்பின் நடந்ததெல்லாம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. பஸ்ஸில் அப்பா யாரையோ கெஞ்சிச் சித்திக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். தமுக்கத்தில் இறங்கியதும் மாமா முன்னால் ஓட, நாங்கள் பின்னால் ஓடினோம். அரசுத் துறை அரங்குகளில் ஒன்றைக்கூட நின்று பார்க்க விடவில்லை. சின்ன அணைக்கட்டு ஒன்று செய்து அதில் நிஜத் தண்ணீர் ஓடவிட்டிருந்தார்கள். அதைக்கூட நான் ஓடிக்கொண்டேதான் பார்த்தேன். மிளகாய் பஜ்ஜிக் கடையில் வரிசையில் நிற்கலாம் என்று சித்தி சொன்னபோது, "நீ எதுக்கு நிக்கணும், நான் வாங்கியாரேன், நீ போய் ஒக்காரு" என்று அம்மா அலறினாள். பொருட்காட்சிக்கு வந்துவிட்டு எல்லோரும் ஏன் சித்தியை உட்காரச் சொல்லிக்கொண்டேயிருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. வீட்டில் ஒருநாளும் அவளுக்கு இப்படி மரியாதை கிடைத்ததில்லை.

திறந்தவெளிக் கலையரங்கத்தில் இன்னும் வெயில் இறங்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் சுட்டன. முன்பக்கத்தில் மூன்றாவது வரிசையில் எங்களை உட்கார வைத்துவிட்டு, சித்தி எழுந்திருக்காமல் இருக்க அம்மா ஒரு காரியம் செய்தாள். என்னைத் தூக்கி அவள் மடியில் உட்கார வைத்தாள்.

"சேர் நெறையக் காலியா இருக்கேம்மா" என்றேன்.

"இருக்கட்டும். ஒனக்கு மறைக்கும். சித்தி மடில ஒக்காந்தாத்தான் தெரியும்."

காற்றில் காகிதம் பறக்காமலிருக்க மேலே கல் வைப்பதுபோல என்னை வைத்திருக்கிறார்கள் என்பது தெரியாமல், நானும் கனமாக உட்கார்ந்துகொண்டேன். சித்தி என் தலையில் முகவாயை வைத்துக்கொண்டு, "நல்லா சாஞ்சு ஒக்காந்துக்கடி" என்றாள். அவள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது என் முதுகில் தெரிந்தது. ஷோவை நினைத்து அவளுக்கும் ஆவல் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வரிசைக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒரு வயதான அம்மா, அவருடைய மகள், நீலச் சட்டை போட்ட ஒருவர். மாமா அவர்களைப் பார்த்ததும் எழுந்து, பின் எழுந்தது தப்பென்று உணர்ந்ததுபோல உட்கார்ந்து, கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். நீலச் சட்டைக்காரர் எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார். அந்த அம்மாவும் சித்தியை நன்றாகப் பார்த்துவிட்டு மகளின் காதில் ஏதோ சொல்ல, மகளும் தலையாட்டினாள். எங்கள் அம்மாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "மாப்ள, முடிஞ்சு போச்சு" என்று மாமா அப்பாவின் தொடையைத் தட்டியதை நானே பார்த்தேன்.

ஷோ தொடங்கியது. மேஜிக்காரர் குட்டையான, தொப்பை போட்ட மனிதர். ஜரிகைக் கோட்டுக்குள் வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தார். தொப்பிக்குள்ளிருந்து புறா எடுத்தார். கிழித்த பேப்பரை ஒட்டவைத்தார். அடுத்தது ஆளை அறுக்கிற வித்தை என்று மைக்கில் சொன்னதும் நான் சித்தியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, அதன் முன்னால் ஒரு கறுப்புத் துணியைக் கட்டினார்கள்.

சித்திரையில் சாயங்காலம் திடீரென்று ஒரு சுழற்காற்று வருமே, அது அப்போது வந்தது. மைதானத்துப் புழுதியெல்லாம் எழும்பி அடங்குவதற்குள் கறுப்புத் துணி பறந்துபோய் மேடையின் மேல் குறுக்குக் கம்பியில் சுற்றிக்கொண்டது. துணி இல்லாமல் வித்தை இல்லை. மேஜிக்காரரைவிடக் குட்டையான அவருடைய உதவியாளர் எம்பி எம்பிக் குதித்தார். எட்டவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ஏறினார். நாற்காலிக் கால் வளைந்து, ஆள் புறாக்கூண்டின் மேல் விழுந்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மேஜிக்காரர் சிரிக்கிற கூட்டத்தோடு தானும் சிரிப்பதுபோல மைக்கைப் பிடித்தார்.

"மதுரைல நெடுநெடுன்னு வளந்தவுக யாருமே இல்லையாய்யா? ஒரு ஆளு வந்து எடுத்துக் குடுங்கப்பா, புண்ணியமாப் போகும்."

பின்வரிசைப் பையன்கள் விசிலடித்தார்களே தவிர ஒருவரும் வரவில்லை. என் முதுகில் சித்தியின் மூச்சு நின்றது தெரிந்தது. அப்புறம் அவள் என் இடுப்பில் கை கொடுத்துத் தூக்கி, பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"ஒக்காருடி" என்று அம்மா பல்லைக் கடித்தாள். சேலையைப் பிடித்து இழுக்கக்கூடச் செய்தாள்.

"வாரேங்க்கா" என்றுவிட்டுச் சித்தி எழுந்து நின்றாள்.

அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தவள் நின்றதும், எனக்கே அவள் வழக்கத்தைவிட உயரமாகத் தெரிந்தாள். நாற்காலிகளுக்கு நடுவே நிமிர்ந்து நடந்துபோய், படியேறி, கையை நீட்டி ஒரே இழுப்பில் துணியை எடுத்துவிட்டாள். குதிக்கவில்லை, குதிகாலைக்கூடத் தூக்கவில்லை. கைதட்டல் மைதானம் முழுக்கக் கேட்டது. என் சித்தி, என் சித்தி என்று நான் பக்கத்திலிருந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். எனக்கு அன்று இருந்த பெருமை பிற்பாடு எந்த மேடையில் எனக்கே பரிசு கொடுத்தபோதும் வந்ததில்லை.

மேஜிக்காரர் அவளைச் சும்மா விடுவாரா? மைக்கை அவளுக்கு நேரே அண்ணாந்து பிடித்தார்.

"எந்த ஊரும்மா?"

"திருப்பரங்குன்றம்."

"வீட்ல என்னம்மா போடுறாக, இம்புட்டு வளந்திருக்கீக?"

"ரேஷன் அரிசிதாண்ணே."

கூட்டம் ஓவென்று சிரித்தது. நீலச் சட்டைக்காரரும் கைதட்டிச் சிரித்தார்.

"எம்புட்டு இருப்பீக? சொல்லுங்க, மக்களும் தெரிஞ்சுக்கிடட்டும்."

 சித்தி மேடையிலிருந்து கீழே பார்த்தாள். எங்களைப் பார்க்கவில்லை, பக்கத்து வரிசையைப் பார்த்தாள்.

"அஞ்சடி ஒம்போது இஞ்ச். வீட்ல அஞ்சு நாலுன்னு சொல்லுவாக, நம்பாதீக."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மாமா நாற்காலிக்கு அடியில் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்தவர் நிமிரவேயில்லை. மேஜிக்காரர் காற்றிலிருந்து ஒரு காகித ரோஜாவை எடுத்துச் சித்திக்குக் கொடுத்தார். அதை அவள் வாங்கும்போது நான் பக்கத்து வரிசையைப் பார்த்தேன். நீலச் சட்டைக்காரரின் கை மடிக்கு வந்திருந்தது. அவருடைய அம்மா ஒருபக்கமும் அக்கா ஒருபக்கமும் பேச, அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தி இறங்கி வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. எங்கள் வரிசையின் ஓரத்தில் நின்றுகொண்டாள். அந்த மூன்று பேரும் எழுந்து அவளைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. நீலச் சட்டைக்காரர் அவள் காதளவு இருந்தார். தாண்டும்போது ஏதோ சொல்லப்போகிறவர்போல வாயைத் திறந்து, பிறகு அக்காவின் பின்னாலேயே போய்விட்டார். அந்த அம்மா மட்டும் மாமாவிடம், "அப்ப நாங்க போறோம்" என்றார். வாரோம் என்று அவர் சொல்லவில்லை என்பதை அம்மா பிற்பாடு பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் எனக்குப் பின்னால் தெரியவந்ததைச் சொல்லிவிட வேண்டும். நான் வளர்ந்து, என்னைப் பெண் பார்க்க ஒரு வீட்டார் வருவதாக இருந்த நாளில், எனக்குப் பூ வைத்துவிட்டுக்கொண்டே சித்தியே சொன்னதுதான். அப்போது அவளுக்கும் கல்யாணமாகித் திருமங்கலத்தில் இருந்தாள். நல்ல மனிதர் சித்தப்பா. பையன்கள் இரண்டு பேரும் அவளைத் தாண்டி வளர்ந்துவிட்டார்கள். மாமாவின் ரகசியத்தை அன்று எல்லோரையும்போல அவளும் கேட்டிருந்தாளாம். பொருட்காட்சிக்கு முன்பே நீலச் சட்டைக்காரர் போட்டோவைப் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் ஒத்தக்கடையிலிருந்து ஜெராக்ஸ் கடையைத் தேடி வந்திருக்கிறார். ஏதோ ஒரு தாளை நகலெடுத்திருக்கிறார். மறுபடியும் வந்து அதே தாளையே நீட்டியிருக்கிறார். "இதத்தான அன்னைக்கே எடுத்தீக" என்று இவள் கேட்க, அவர் முழிக்க, இவள் சிரிக்க, தான் யாரென்று அவர் சொல்ல, அப்புறம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து நின்று பேசிவிட்டுப் போவாராம். சித்திக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ரொம்பவே பிடித்துப்போயிற்று. ஆனால் அவர் வந்தபோதெல்லாம் அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிச்சு நிக்கணும்னு ஒவ்வொரு தடவையும் நெனப்பேன். கால் வராது" என்றாள். "தாலி கட்டுனப்புறம் அவரு ஏமாந்து போய்ப் பாக்குற மூஞ்சிய என்னால பாக்க முடியாதுடி. அதுக்கு மொதல்லயே பாத்துட்டுப் போகட்டும்னுதான் அன்னைக்கு எந்திரிச்சேன்."

அன்று இது எதுவும் எனக்குத் தெரியாது. ஆளை அறுக்கிற வித்தை அப்போதுதான் தொடங்க இருந்தது. சித்தி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வா, ராட்டினம் ஏறலாம்."

எனக்கு ராட்டினமென்றால் பயம். அதைவிட, ஆளை அறுக்கப்போகிறார்களே! அழுது பார்த்தேன். அவள் கேட்கவில்லை. அம்மாவும் மாமாவும் இருந்த நிலையில் எங்களை யாரும் தடுக்கவும் இல்லை. சித்தி விடுவிடுவென்று நடந்தாள், நான் பின்னால் ஓடினேன். பெரிய ராட்டினத்தின் தொட்டியில் ஏறி உட்கார்ந்ததும் கம்பியைப் பூட்டினார்கள். அது மேலே கிளம்பியபோதே நான் கண்ணை மூடிக்கொண்டு அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். ஒரு சுற்று போனது. இன்னொரு சுற்று. கீழே ஆள் ஏற்றுவதற்காக ராட்டினத்தை நிறுத்தினார்கள். நாங்கள் உச்சியில் ஆடிக்கொண்டு நின்றோம்.

"ஏட்டி, கண்ணத் தொற" என்றாள் சித்தி.

"மாட்டேன்."

"எனக்காகத் தொறடி. வாசலப் பாரு. நீலச் சட்ட போட்டவரு போறாரான்னு பாத்துச் சொல்லு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

திருவிழாவில் எல்லோருக்கும் முந்தி அழகரைப் பார்த்துச் சொல்கிறவள், கண் தெரியவில்லை என்கிறாளே என்று ஆச்சரியமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். விளக்குகள் போட்டுவிட்டார்கள். மைதானம் முழுவதும் எனக்குக் கீழே கிடந்தது. அவள் இடுப்பை விடாமலே இன்னொரு கண்ணையும் திறந்து தேடினேன். வாசல் வளைவுக்குப் பக்கத்தில், இரண்டு சேலைகளுக்கு நடுவே, நீலச் சட்டை நன்றாகத் தெரிந்தது.

"ஆமா சித்தி, போறாரு!"

"திரும்பிப் பாக்குறாரா?"

நான் கவனமாகப் பார்த்தேன். வகுப்பில் கேட்ட கேள்விக்கு விடை தெரிந்துவிட்ட உற்சாகம் எனக்கு. அவர்கள் வளைவைத் தாண்டி, ரோட்டைக் கடந்து, பஸ் கூட்டத்தில் கலக்கிறவரைக்கும் கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.

"இல்ல சித்தி. திரும்பவே இல்ல. ஒரு தடவகூடத் திரும்பல."

 சித்தியின் உடம்பு குலுங்கியது, தொட்டியும் சேர்ந்து குலுங்கியது. அண்ணாந்து பார்த்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவ்வளவு உயரமான சித்திக்கும் ராட்டினமென்றால் பயம்தான் என்று அப்போதுதான் கண்டுபிடித்தேன். எனக்குப் பயம் போயே போய்விட்டது. அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு, பெரிய மனுஷியைப்போலத் தட்டிக்கொடுத்தேன்.

"பயப்படாத சித்தி. கண்ணத் தொறந்து பாத்துட்டா ஒண்ணுமே இல்ல."